செவத்தாம்பட்டியில் காங்கோ நாடகம்

அந்த ஒன்பது வரியும் ராயம்மாளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. களி கிண்டும்போது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது, துணி அலசும்போது என்று மகள் ராஜமேரி இரண்டு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த வூட்டுல ஒரு மனுசன் நிம்மதியா பீடி புடிக்க முடியல" என்று புருஷன் சவரி எத்தனையோ தடவை புலம்பிவிட்டான். அப்படிப்பட்ட ஒன்பது வரியை, வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் உபதேசியார் செபாஸ்டின் சைக்கிளை விட்டுக்கூட இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போகப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம நாடகத்துக்கு உம்பொண்ணு வர வேணாம் ராயம்மா. காட்டு ஜனம் யாருமே வேணாமாம். சாமியார் சொல்லிட்டாரு."

ராயம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

நாடகம் என்னவென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது. செவத்தாம்பட்டி மொரப்பூருக்கு மேற்கே, பஸ்ஸில் அரை மணி நேரம். அக்டோபரில் மிஷன் ஞாயிறு வந்தால் காலையில் பூசை, பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் நாடகம், அது முடிந்ததும் பூசணிக்காயும் சேவலும் தக்காளிக் கூடையும் ஏலம். நாற்பத்தைந்து வருஷமாக ஒரே நாடகம்தான். பேர் 'காங்கோவில் உதித்த சூரியன்'. அந்தக் காலத்தில் இங்கே பங்குச் சாமியாராக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்லச் சொல்ல, செபாஸ்டினின் அப்பா எழுதியது. ஆப்பிரிக்காவில் காங்கோ என்ற காட்டில் ஜனங்கள் இருட்டில் கிடக்கிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட பெல்ஜிய ராஜா கண்ணீர் விட்டு, ஒரு துரையையும் ஒரு சாமியாரையும் இரண்டு கன்னியர்களையும் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாராம். துணைக்கு வானத்திலிருந்து ஒரு சம்மனசு வேறு. அவர்கள் வந்து இறங்கியதும் பன்னிரண்டு காட்டு ஜனங்கள் ஈட்டியோடு குதித்து வந்து, ஊ ஊ என்று கத்தி, வெள்ளை அங்கியைக் கண்டு மிரண்டு, முட்டி போட்டு, ரொட்டி வாங்கித் தின்று, ஞானஸ்நானம் பெறுவார்கள். கடைசியில் காட்டு ராஜாவின் மகள் முன்னால் வந்து ஒன்பது வரியில் நன்றி சொல்லுவாள். காட்டு ஜனங்கள் பக்கத்தில் பேச்சு உள்ள பார்ட் அது ஒன்றுதான்.

துரை, சாமியார், கன்னியர், சம்மனசு எல்லாம் மேலத்தெருப் பிள்ளைகள். முட்டி போடுகிற பன்னிரண்டும் கீழத்தெரு. யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட மாறியதில்லை. கேட்டால் நிறத்துக்குத் தகுந்த மாதிரி என்பார்கள். நிறமாவது மண்ணாவது. செபாஸ்டினின் மகன் துரை வேஷத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டு வந்தால் தோசைக்கல்லில் மாவு ஊற்றிய மாதிரி இருக்கும். ராஜமேரி அவனைவிட எவ்வளவோ சிவப்பு. ஆனாலும் அவளுக்குத்தான் விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். சின்ன வயசில் ராயம்மாளுக்கும் பூசியிருக்கிறார்கள், சவரிக்கும் பூசியிருக்கிறார்கள். மூன்று நாள் தேய்த்தாலும் காது மடிப்பில் கரி அப்படியே இருக்கும்.

காட்டு ராஜா மகளும்கூட இதுவரை மேலத்தெருப் பெண்தான். கன்னத்தில் ஒரு பொட்டுக் கரி தொட்டுக்கொண்டு வந்து பேசிவிட்டுப் போவாள். இந்த வருஷம், 1983-ல்தான், ராயம்மாள் ஆகஸ்டில் மூன்று தடவை கஸ்பார் சாமியாரிடம் நடையாய் நடந்து அந்தப் பார்ட்டை மகளுக்கு வாங்கினாள். கஸ்பார் சாமியார் ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நல்ல மனுஷர், யாரையும் பகைத்துக்கொள்ளாத வகையில் நல்ல மனுஷர். எல்லாப் பெண்பிள்ளைகளையும் நிற்க வைத்துப் பேசச் சொன்னார். ராஜமேரியின் குரல் கோயிலின் பின்பக்கத்துப் புளியமரம் வரைக்கும் கேட்டது. வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

ராயம்மாளுக்கு நாடகத்தின் மேல் ஒரு ஆசையும் கிடையாது. அவள் கண்ணெல்லாம் முன்வரிசையில் உட்காரும் பெரிய சிஸ்டர் மேல். அந்த அம்மாள் டவுனில் கன்னியர் போர்டிங்கின் தலைவி. வருஷா வருஷம் மிஷன் ஞாயிறுக்கு விருந்தாளியாக வந்து, நாடகம் பார்த்து, நன்றாகப் பேசுகிற ஒரு பெண்பிள்ளையின் பேரை நோட்டில் எழுதிக்கொண்டு போவாள். அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளைக்கு ஆறாங்கிளாஸில் இடம், சாப்பாடு, தங்கல், எல்லாம் சும்மா. ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. ராஜமேரி இப்போது அஞ்சாவது. இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் ராயம்மாள் மறுபடி பெங்களூர் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான், கூட மண் சுமக்க மகளையும் கூட்டிக்கொண்டு. சவரி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து ஆடு மேய்ப்பதைத் தவிர அவனால் ஒன்றும் ஆகாது.

"என்னாத்துக்கு வேணாமாம்?" என்றாள் ராயம்மாள்.

"பெங்களூர் குருமடத்துல மேல்படிப்பு படிக்கற ஒரு சாமியார் வராரு. ஆப்பிரிக்காக்காரரு. அதுவும் காங்கோவே தான். அவரு முன்னால கரி பூசிக்கினு ஊ ஊன்னு குதிச்சா நல்லாவா இருக்கும்? அவரு மனசு புண்படுமில்ல?"

"அப்ப நாடகமே கெடையாதுங்களா?"

"நாடகம் இல்லாம எப்பிடி? துரை வருவான், சாமியார் வருவாரு, சம்மனசு வரும். பாட்டுப் பாடுவாங்க."

"காட்டு ஜனம் இல்லன்னா அந்த வெள்ளக்கார சாமியாரு யாருக்குங்க போதிப்பாரு?"

செபாஸ்டின் கொஞ்சம் யோசித்தார். "காட்டைப் பாத்துப் போதிப்பாரு" என்றார்.

ராயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப எம்பொண்ணுக்குக் கரி வேணாங்க. கன்னியர்ல ஒண்ணாச்சும் குடுங்க. சும்மா மூலைல நின்னு ரெண்டு வார்த்த பேசட்டும்."

"அதெல்லாம் பார்ட் குடுத்தாச்சு, துணி தெச்சாச்சு. அடுத்த வருசம் பாக்கலாம் போ" என்று சொல்லி, ஊன்றியிருந்த காலை எடுத்து மிதித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அடுத்த வருஷம் ராஜமேரி எந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், எந்த நாடகத்தில் நடிப்பாள்? அந்த ஆளுக்கு அது தெரியாதா என்ன, எல்லாம் தெரியும்.

வெள்ளிக்கிழமை ராயம்மாள் சாமியார் பங்களாவுக்குப் போனாள். கஸ்பார் சாமியார் அவளைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வர்றவர் விருந்தாளி, ராயம்மா. அவங்க நாட்டை நாம கேவலப்படுத்தற மாதிரி ஆயிடக் கூடாது. நானே இந்த நாடகத்தை மாத்தணும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"மாத்துங்க சாமி, நான் வேணாங்கல. நாப்பத்தஞ்சு வருசமா எங்க மூஞ்சில கரி பூசனப்ப யாருக்கும் கேவலமா தெரியல. இப்ப ஒருத்தரு பாக்க வராருன்னதும் கரி கேவலமாப் போச்சு. சரி, போவட்டும். கரியத் தொடைக்கச் சொன்னா எங்க புள்ளைங்களையே சேத்துத் தொடைச்சிட்டீங்களே, அது எந்த ஊரு நாயம்?"

"அப்படி இல்லம்மா..."

"எப்பிடி இல்லீங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சிஸ்டர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன்" என்றார். அவர் சொல்லிப் பார்க்கிற அழகு ராயம்மாளுக்குத் தெரியும். சொல்லிப் பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் போகும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் விருந்தாளிக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டும், வர முடியுமா என்று அவளையே கேட்டார். ராயம்மாள் சிரித்துவிட்டாள், வேறென்ன செய்வது.

சனிக்கிழமை மத்தியானம் மொரப்பூர் ஸ்டேஷனில் அந்தச் சாமியார் வந்து இறங்கினார். பேர் ஃபாதர் எகங்கா. நாற்பது வயசிருக்கும், பனைமர உயரம். செபாஸ்டின் எக்கி எக்கி மாலை போட்டுத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டார். ஊருக்குள் வந்ததும் ஒரு கூட்டம் அவர் பின்னாலேயே போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ராயம்மாள் போகவில்லை. அந்த ஆள் வராமல் இருந்திருந்தால் தன் மகள் பேசியிருப்பாள் என்ற கடுப்பு அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு குடத்தோடு பங்களாவின் கிணற்றடிக்குப் போனாள். சின்னக் குடத்தோடு ராஜமேரியும் கூட வந்தாள். அங்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எகங்கா சாமியார் நின்றிருந்தார். அவளைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அவள் கையை விரித்தாள். கையால் குளிக்கிற மாதிரி காட்டினார், நடுங்குகிற மாதிரி காட்டினார். பிறகு சலித்துப்போய்த் தனக்குத்தானே கன்னடத்தில், "யாரிகூ அர்த்த ஆகல்ல", ஒருத்தருக்கும் புரியவில்லை என்று முனகினார்.

ராயம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். ஆறு வருஷம் பெங்களூரில் மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டியவள் அவள். ராஜமேரி பிறந்ததே அங்கேதான். "நனகெ அர்த்த ஆகுத்தெ. பிசி நீரு பேக்கா?" என்றாள். எனக்குப் புரிகிறது, வெந்நீர் வேண்டுமா என்றுதான் கேட்டாள். ஆனால் அந்த மனுஷருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. மூன்று வருஷமாக பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதிக் கோயிலில் கன்னடத்தில்தான் பூசை வைக்கிறாராம். கஸ்பார் சாமியாரைத் தவிர இந்த ஊரில் நேற்றிலிருந்து ஒருவரும் அவரோடு நாலு வார்த்தை முழுசாகப் பேசவில்லையாம். இனி அவர்கள் பேசியதைத் தமிழிலேயே சொல்லிவிடலாம்.

வெந்நீர் கொதிக்கட்டும் என்று அடுப்பு மூட்டியபோது, "இன்னைக்கு என்னமோ நாடகமாமே அக்கா" என்று அவர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ராயம்மாள் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். காங்கோ, ராஜா, துரை, கரி, போர்டிங், நோட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சைக்கிள் மிதித்துக்கொண்டு போனது வரைக்கும்.

"என் மனசு புண்படும்னு உங்க பிள்ளைங்களை ஒளிச்சு வெச்சிட்டாங்களா?" என்றார் அவர்.

"ஆமாம். உங்களால தான்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்பருகே குந்தி உட்கார்ந்துகொண்டு, "இந்த மாதிரி வேலை எங்க ஊர்லயும் நடந்திருக்கு" என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது காங்கோ பெல்ஜியக்காரர்கள் கையில் இருந்ததாம். நாகரிகம் அடைந்த கறுப்பன் என்று அரசாங்கம் ஒரு அட்டை கொடுக்குமாம். அட்டை இருந்தால் கொஞ்சம் மரியாதை. அவருடைய அப்பா கிளார்க், எழுதிப் போட்டிருந்தார். ஒருநாள் வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கே வந்து, தட்டைப் பார்த்து, கக்கூஸைப் பார்த்து, பிள்ளைகளின் நகத்தைப் பார்த்து, முள்கரண்டியில் சாப்பிடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்த்தார்களாம். "அம்மா அதுக்காகவே ஆறு முள்கரண்டி வாங்கினாங்க. அவங்க போனதும் எடுத்து மூட்டை கட்டி வெச்சாங்க. அதுக்கப்பறம் யாரும் அதைத் தொடல."

ராயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "அட்டை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. பஸ்ல மட்டும் பின்னாடிதான் ஒக்காரணும்னாங்க."

"அட கர்மமே" என்றாள் ராயம்மாள் தமிழில்.

"உங்க பொண்ணு என்ன பேசணும், சொல்லுங்க கேக்கலாம்" என்றார் அவர்.

ராஜமேரி வெட்கப்பட்டுக் குடத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராயம்மாளே கன்னடத்தில் சொன்னாள். நாங்கள் இருளில் கிடந்தோம், எங்களுக்கு உடை தெரியாது, உணவு தெரியாது, உங்கள் ராஜா இரக்கப்பட்டார் என்றெல்லாம் வரிசையாகச் சொல்லி, ஒன்பதாவது வரிக்கு வந்ததும் மகள் பழகினபடியே தானும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "இதோ எங்கள் கைகள், இவற்றை உங்கள் ராஜாவுக்கே தருகிறோம்" என்று முடித்தாள்.

எகங்கா அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் இறக்கவில்லை.

"எங்க தாத்தாவுக்கு வலது கை கெடையாது அக்கா" என்றார். "இங்க, மணிக்கட்டோட."

அந்த ராஜாவின் ஆட்கள் காட்டில் ரப்பர் பால் எடுக்கச் சொல்லி ஊர் ஊராக ஆளை விரட்டினார்களாம். சொன்ன அளவு கொண்டுவராத ஊரில் சுடுவார்கள். சுட்ட சிப்பாய் தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்ட வேண்டும், தோட்டாவுக்கு ஒரு கை என்று வெட்டிக் கொண்டுபோக வேண்டும். மானைச் சுட்டுத் தின்றுவிட்டுத் தோட்டாக் கணக்கு உதைத்தால், உயிரோடு இருப்பவனின் கை. தாத்தாவுக்கு அப்போது பத்து வயசு. "அப்பறம் அதே ராஜா பேர் சொல்லி சாமியாருங்க வந்தாங்க, பள்ளிக்கூடம் வெச்சாங்க. நான் அதுல படிச்சேன்" என்றார்.

ராயம்மாள் நீட்டின கைகளை அப்போதுதான் மடக்கினாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைசியில் அவர் மேலேயே கோபப்பட்டாள்.

"இத்த ஏன் சாமி இப்ப எங்கிட்ட சொன்னீங்க? நான் ரெண்டு மாசமா அந்தப் புள்ளய ஒக்கார வெச்சி சொல்லிக் குடுத்திருக்கேன். கையை இன்னும் நல்லா நீட்டுடின்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

"பேசட்டும் அக்கா. அந்த வரியையும் பேசட்டும். எடம் வேணும்ல? வருஷா வருஷம் கொடிக்குக் கீழ நின்னு நானும் அவங்க ராஜாவ வாழ்த்திப் பாடினவன்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தாத்தா நின்னு பாத்துக்கினு இருப்பாரு. பாடித்தான் படிச்சேன்." எழுந்து துண்டை உதறினார். "கஸ்பார் சாமியார்கிட்ட நான் பேசறேன். பிள்ளைங்க வரட்டும். கரி மட்டும் வேண்டாம்."

பேசிவிட்டார். பூசை முடிந்து ஜனம் மைதானத்துக்கு வருவதற்குள் கீழத்தெருப் பிள்ளைகளுக்கு ஆள் போனது. விருந்தாளியே கேட்டுக்கொண்டதால் கஸ்பார் சாமியாருக்கு ரொம்பச் சந்தோஷம், யாரையும் பகைத்துக்கொள்ளாமல் காரியம் முடிந்ததே. செபாஸ்டினுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். "கரி இல்லாம வந்து நின்னா யாரு காட்டு ஜனம், யாரு துரைன்னு எப்பிடிங்க சாமி தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே சாமியாரின் பின்னால் நடந்தார்.

உண்மையாகவே தெரியவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் பூசைக்குப் போட்டுவந்த நல்ல துணியோடு மேடையில் ஏறி, ஈட்டியும் இல்லாமல், ஊ என்று கத்த வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். துரை பவுடரோடு வந்து, "ஐயோ, இந்த மனிதர்கள் மிருகங்களைப் போல் வாழ்கிறார்களே" என்று எழுதிவைத்தபடி சொன்னான். எதிரே எண்ணெய் தேய்த்துத் தலை சீவிப் பளிச்சென்று நின்ற பிள்ளைகளைப் பார்த்து ஜனம் சிரித்தது. ராயம்மாள் சிரிக்கவில்லை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு, முன்வரிசையில் எகங்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய சிஸ்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டு மடியில் இருந்தது.

ராஜமேரி முன்னால் வந்தாள். வாயைத் திறந்ததும் ஏலத்துக்குக் கட்டிவைத்த சேவல்கூட அடங்கிவிட்டது. ஒரு பிசிறு இல்லை, ஒரு திக்கல் இல்லை. நான்காவது வரியில் சிஸ்டர் திரும்பிக் கஸ்பார் சாமியாரிடம் பேர் என்ன என்று கேட்டாள். ஆறாவது வரியில் பேனாவின் மூடியைக் கழற்றினாள். அந்த ஒன்பதாவது வரியையும் சொல்லித் தொலைத்துவிடு தாயே, எவன் ராஜா எவன் கை என்றெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ராயம்மாள் மாதாவையும் மகளையும் ஒன்றாக வேண்டிக்கொண்டாள்.

எட்டாவது வரி முடிந்தது. ராஜமேரி நிறுத்தினாள்.

"இதோ எங்கள் கைகள்" என்று செபாஸ்டின் ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். "இதோ எங்கள் கைகள்" என்று மைதானத்துக்கே கேட்கிற மாதிரி மறுபடி சொன்னார். ராஜமேரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் இருந்த எகங்காவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அடப் பாவமே, மறந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், பரிதாபத்துக்குத் தட்டுகிற தட்டு. சம்மனசு வந்து ஆசீர்வதிக்க, நாடகம் முடிந்தது.

ராயம்மாள் மேடைக்குப் பின்னால் போய் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டி, நாலு வார்த்தடி. நாலு வார்த்த சொல்லியிருந்தா உன் சோறு, உன் படிப்பு. என்னா கேடு வந்துச்சி உனக்கு?"

"அவங்க தாத்தாவுக்குக் கையே இல்லம்மா. அவரு முன்னால எப்பிடிம்மா நீட்டறது?"

கிணற்றடியில் பேசியது அத்தனையும் இந்தச் சனியனுக்குப் புரிந்திருக்கிறது. அஞ்சு வயசு வரை கன்னடத்தில்தானே விளையாடினாள். ராயம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அவரே தாண்டி உன்னைப் பேசச் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. அவருக்கு அப்பிடிச் சொல்லிப் பழக்கமாயிடுச்சி" என்றாள் ராஜமேரி.

ராயம்மாள் ஓங்கின கையை இறக்கினாள்.

பந்தலில் பெரிய சிஸ்டர் கிளம்பத் தயாராக நின்றாள். சம்மனசு வேஷம் போட்ட பெண்ணின் அப்பா பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவளுக்கு இடம் எழுதியாகிவிட்டது. ராயம்மாளையும் மகளையும் கண்டதும் சிஸ்டர் நின்றாள். மோசமான மனுஷி இல்லை அவள். ராஜமேரியின் கன்னத்தைத் தட்டினாள்.

"நல்ல குரல். கடைசியில மறந்துட்டே, பரவால்ல, சின்னப் பிள்ளைதானே" என்றாள். பிறகு கஸ்பார் சாமியாரைப் பார்த்து, "இன்னொரு இடம் காலியாகும் போல இருக்கு ஃபாதர். பயத்துல மறந்த பிள்ளைன்னா நாம பழக்கிடலாம்" என்றாள்.

"மறக்கல, வேணும்னே தான் நிறுத்துனா" என்றார் செபாஸ்டின். "நான் ரெண்டு தடவை எடுத்துக் குடுத்தேன் சிஸ்டர். கையைப் பின்னால கட்டிக்கினு நிக்கறா. திமிரு."

சிஸ்டரின் முகம் மாறியது. "அப்படியா? அடங்காத பிள்ளைய போர்டிங்ல வெச்சிக்க முடியாதே." ராயம்மாளைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. மறந்தாளா, இல்ல வேணும்னு நிறுத்தினாளா?"

கஸ்பார் சாமியார் ராயம்மாளின் பக்கம் நகர்ந்து, "மறந்துட்டான்னு சொல்லு ராயம்மா. ஒரே வார்த்தைதான், நான் மிச்சத்தைப் பாத்துக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. பின்னால் எகங்கா சாமியார் தமிழ் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் அவளிடமிருந்தே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. ராயம்மாளுக்கு அலுப்பாக இருந்தது. உடம்பெல்லாம் அலுப்பு, மண் சுமந்த நாளில்கூட இப்படி இருந்ததில்லை. மகளைப் பார்த்தாள். அது கையை இன்னும் பின்னால்தான் கட்டிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டாள் என்று சொல்லிவிடுவாளோ அம்மா என்று பயந்துகொண்டு நின்றது.

"அவ மறக்கல சிஸ்டர்" என்றாள் ராயம்மாள். "எம்பொண்ணுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சிதான் சொல்லல."

சிஸ்டர் நோட்டைப் பைக்குள் வைத்தாள். ராயம்மாள் மகளின் கையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.